வலது பல், இடது பல்

ஹோல்கெர் லிண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு மோட்டார் ரம்பத்தின் பழைய செயின் ஒன்றை விரலால் தடவினால் போதும். அதற்கு அரம் போட்டவரின் பெயர், வயது, அன்று காலை அவர் பெண்டாட்டியோடு போட்ட சண்டை, அந்தச் சண்டையில் ஜெயித்தது யார் என்பது வரை சொல்லிவிடுவார். சரி, சண்டை நான் சேர்த்தது. வயதிலும் முன்னே பின்னே ஐந்து வருஷம் தள்ளுபடி உண்டு. கண்ணைக் கட்டியதும் ஒரே ஒரு தடவைதான், அதுவும் அவர் சிநேகிதர் ஸ்டூரே பந்தயம் கட்டியதால். ஆனால் பெயர் மட்டும் சத்தியமான உண்மை. மேஜையில் கிடந்த பதினோரு செயின்களில் பத்துக்குச் சரியான பெயர் சொன்னார். பதினோராவது செயின் பாதிரியாருடையது. அதற்கு யாருமே அரம் போட்டதில்லை என்று சொன்னார். அதுவும் சரிதான்.

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. செயினில் பற்கள் வலது, இடது என்று மாறி மாறி வரும். வலக்கைப் பழக்கம் உள்ளவர் அரத்தால் ராவினால் ஒரு வரிசைக்கு அழுத்தம் கூடும், மறு வரிசைக்குக் கை சொன்னபடி வராது. நாளாக ஆக ஒரு வரிசை குட்டை, ஒரு வரிசை நெட்டை. ரம்பம் நேராக இறங்காமல் ஒரு பக்கமாக வளைந்து போகும். எவ்வளவு குட்டை, எந்தச் சாய்வு, பல்லின் மூக்கு எப்படி மழுங்கியிருக்கிறது என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் வேறு. உலகத்தில் எல்லோரும் கையெழுத்தைக் காகிதத்தில் போடுகிறார்கள், எங்கள் ஸ்மோலாந்து ஜில்லாக்காரர்கள் செயினில் போடுகிறார்கள் என்பார் ஹோல்கெர்.

ஊர்க் கோடியில் பழைய பால் சேகரிப்பு நிலையம்தான் அவர் கடை. ஒரு சுவர் முழுக்க ஆணி அடித்து வாள்களைத் தொங்கவிட்டிருப்பார். செயின் சுற்றி ஓடுகிற அந்த நீண்ட இரும்புப் பட்டையை எங்கள் பக்கத்தில் வாள் என்றே சொல்வோம். முப்பத்து நாலு வருஷமாக அங்கே ஒரே மாதிரிப் பேச்சுத்தான். யாராவது உள்ளே வந்து இரண்டு கையையும் விரித்து, "இவ்வளவு நீளத்துக்கு ஒரு செயின் குடு" என்பார்கள்.

"மீன் பிடிச்ச கதையெல்லாம் வெளியில சொல்லு. பழைய செயின் எங்கே?"

"வீட்ல கெடக்கு."

"போய் எடுத்துட்டு வா. பல்லுக்குப் பல் இடைவெளி வேணும், வாள் விளிம்புல இருக்குற காடியோட அகலம் வேணும், அதுக்குள்ள ஓடுற காலு எத்தனைன்னு எண்ணணும். மூணும் பொருந்தினாத்தான் தருவேன்."

"அத்தனை தூரம் திரும்பப் போகச் சொல்றியே!"

"பொருந்தாத செயினை மாட்டி அது தெறிச்சு வந்தா, அதைவிடத் தூரமாப் போயிடுவே."

வாளை வாங்கியவருக்கு ஒரு பாடமும் இலவசம். ஒரு வாளுக்கு மூன்று செயின், மாற்றி மாற்றிப் போட வேண்டும். செயினை மாற்றும்போதெல்லாம் வாளைத் தலைகீழாகத் திருப்பி மாட்ட வேண்டும், அப்போதுதான் இரண்டு விளிம்பும் சேர்ந்து தேயும். காடிக்குள் அடைத்த தூளைச் சுரண்டி எடுக்க வேண்டும். டாங்கில் எண்ணெய் நிரப்பும்போதெல்லாம் பல்லுக்கு இரண்டு இழுப்பு அரம். எல்லோரும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் ஒரே செயினை அது அழும்வரை ஓட்டுவார்கள். அதனால்தான் ஹோல்கெருக்கு வியாபாரம் நடந்தது.

அப்புறம்தான் அந்த ஜனவரியில் புயல் வந்தது. எங்கள் கோழிக்கூடு கோழிகளோடு பறந்து மூன்று பண்ணை தாண்டி இறங்கியது. கோழிகள் அங்கேயே முட்டையும் போட்டன. நம்பாவிட்டால் போங்கள். காட்டில் ஸ்ப்ரூஸ் மரங்கள் தீப்பெட்டியைக் கொட்டினாற்போலக் கிடந்தன. அடுத்த வாரம் ஹோல்கெரின் கடை வாசலில் டிராக்டர்கள் வரிசை கட்டின. அந்த வரிசையில், கையில் ஓர் ஆரஞ்சு நிற ரம்பத்தோடு டாக்னி நின்றாள்.

டாக்னிக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது. புருஷன் ரூனே இறந்து இரண்டு வருஷம். நாற்பது ஹெக்டேர் காட்டை விட்டுவிட்டுப் போயிருந்தார், அதில் பாதி இப்போது படுத்துக் கிடந்தது. ரம்பத்தை மேஜைமேல் வைத்தாள். ஹோல்கெர் வாளைப் பார்த்தார். கையளவு மெஷினில் துடுப்பு நீளத்துக்கு வாள்.

"இதை யாரு மாட்டினது?"

"ரூனே."

"இந்த மெஷினுக்கு இது கூடுதல். இழுக்க முடியாம மூச்சு வாங்கும். பதினஞ்சு இஞ்ச் போதும்."

"நானும் அவர்கிட்ட அதைத்தான் சொன்னேன். ஆம்பிளைங்களுக்கு நீளத்து மேல என்னமோ ஒரு மயக்கம்."

மூலையில் காப்பி குடித்துக்கொண்டிருந்த ஸ்டூரேவுக்குப் புரை ஏறியது. லாரி ஓட்டி ஓய்வு பெற்ற ஸ்டூரே தினமும் காலையில் அந்தக் கடைக்கு வந்து, எதையும் வாங்காமல் போகிறவர். ஹோல்கெரின் காது சிவந்தது. மூன்று எண்களையும் சரிபார்த்து, ஒன்றே புள்ளி மூன்று மில்லிமீட்டர் காடியுள்ள சின்ன வாளை மாட்டிக் கொடுத்தார். பாடமும் சொன்னார். டாக்னி பையிலிருந்து ஒரு பழைய மின்சாரக் கட்டண உறையை எடுத்து, அதன் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள். முப்பத்து நாலு வருஷத்தில் எழுதிக்கொண்ட முதல் ஆள் அவள்தான்.

விழுந்த மரத்தின் வேரில் மண்ணும் கல்லும் ஒட்டியிருக்கும். செயின் ஒரு நாளைக்குத் தாங்காது. அந்த வசந்தம் முழுக்க, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் டாக்னி மழுங்கிய செயின்களோடு வந்தாள். வலப்பல் குட்டை, இடப்பல் நெட்டை, பல்லின் உச்சியில் ஒரு சின்னப் பின்சாய்வு. அது அவளுடைய கையெழுத்து. ஹோல்கெர் ஒன்றும் சொல்லாமல் வாங்கி, நெட்டையாக நின்ற வரிசையை மட்டும் ராவிச் சமமாக்கிக் கொடுப்பார். அதற்குள் அவள் ஸ்டூரேவுக்கு எதிரே உட்கார்ந்து காப்பி குடிப்பாள். சில சமயம் வீட்டில் செய்த பால்கட்டிக் கேக்கும் செர்ரி ஜாமும் கொண்டுவருவாள். மரம் சாயும்போது அணில் கத்தியதைச் சொல்லிச் சிரிப்பாள். ஹோல்கெர் முதுகைக் காட்டிக்கொண்டு ராவிக்கொண்டிருப்பார். பத்து நிமிஷ வேலையை அவர் அரைமணி செய்ததை ஸ்டூரே கடிகாரம் பார்த்து எண்ணியிருக்கிறார்.

ஜூனில் மிட்சம்மர் திருவிழா வந்தது. கிடந்த மரங்கள் எல்லாம் அறுத்து அடுக்கப்பட்டு லாரி ஏறின. அதன் பிறகு டாக்னிக்கு அறுக்க வேண்டியிருந்தது அடுப்பு விறகு மட்டும்தான். அவளோ அந்த உறையின் பின்பக்கத்தில் எழுதியதை ஓர் எழுத்து விடாமல் செய்தாள். மூன்று செயினையும் மாற்றி மாற்றிப் போட்டாள். வாளைத் திருப்பி மாட்டினாள். காடியைச் சுரண்டினாள். அப்படிச் செய்தால் ஒரு வாள் எத்தனை வருஷம் உழைக்கும் என்பது ஹோல்கெருக்குத் தெரியும். ஊரில் அவர் பேச்சைக் கேட்டு நடந்தது ஒரே ஒரு ஆள். அந்த ஒரு ஆள்தான் கேட்காமல் இருந்திருக்கலாமே என்று அவர் ஏங்கினார்.

இலையுதிர்காலத்து வெள்ளிகள் வந்து போயின. ஹோல்கெர் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் சவரம் செய்துகொண்டு, சுத்தமான சட்டை போட்டு வந்தார். கதவின் மணி அடிக்கும்போதெல்லாம் தலை நிமிரும். வந்தவரைப் பார்த்ததும் தலை குனியும்.

"நான்தான்பா. என்னைப் பாத்து இவ்வளவு சோகப்பட இந்த ஊர்ல இன்னொருத்தர் இல்ல, என் பெண்டாட்டியைத் தவிர" என்பார் ஸ்டூரே.

இரண்டாவது வருஷம் ஸ்டூரே யோசனையும் சொன்னார். "ஏண்டா, உனக்குக் கொஞ்சமாவது மூளை இருக்கா? மட்டமான செயினு ஒண்ணை அவ தலையில கட்டியிருந்தா மாசாமாசம் வந்து நின்னுருப்பா. நீ என்னடான்னா ஊர்லயே நல்ல இரும்பைத் தேடிப் பிடிச்சுக் குடுத்திருக்கே. இதுல பாடம் வேற!"

"மட்டமான செயினு அறுந்தா அவங்க கையில படும்."

"அப்ப நீ அவ வீட்டுக்குப் போயேன். பதினாலு கிலோமீட்டர்தானே."

"என்னன்னு சொல்லிட்டுப் போறது?"

"செயின் எப்படி இருக்குன்னு கேளு."

"நல்லா இருக்கும்னு எனக்குத் தெரியுமே."

ஸ்டூரே தன் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு எழுந்து போனார். அவர் கோப்பை கழுவியது அந்த ஒரு நாள்தான்.

வருஷத்துக்கு ஒரு தடவை, தேவாலயத்தின் கிறிஸ்துமஸ் சந்தையில் மெழுகுவத்தி மேஜைக்குப் பக்கத்தில் பார்த்துக்கொள்வார்கள். "செயின் எப்படி இருக்கு?" என்று அவர் கேட்பார். "நல்லா இருக்கு ஹோல்கெர். பழுதே இல்ல" என்பாள். அவ்வளவுதான். பழுதில்லை என்ற ஒரு சொல்லைக் கேட்டு ஒரு மனிதனின் முகம் அப்படி வாடியதை அந்தச் சந்தை அதற்குமுன் பார்த்திருக்காது. திரும்பி வரும் வழியில் காரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, சொல்லியிருக்க வேண்டிய வாக்கியத்தை முழுசாகச் சொல்லிப் பார்ப்பார். காருக்குள் அது நன்றாகத்தான் வந்தது.

இப்படி ஆறு வருஷம்.

ஆறாவது வருஷம் அக்டோபரில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சவரம் செய்யாத முகத்தோடு அவர் இருந்தபோது டாக்னி வந்தாள். முடி வெள்ளையாகியிருந்தது, குட்டையாக வெட்டியிருந்தாள். வாளையும் மூன்று செயின்களையும் மேஜைமேல் வரிசையாக வைத்தாள், பரீட்சைத் தாளை வைக்கிற மாதிரி. வைத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள்.

ஹோல்கெர் முதலில் வாளை எடுத்தார். இரண்டு விளிம்பும் ஒரே அளவாகத் தேய்ந்திருந்தன. காடியின் ஆழம் போய்விட்டது. ஒரு வாள் எப்படிக் கிழடாக வேண்டுமோ அப்படிக் கிழடாகியிருந்தது. அப்புறம் செயினை எடுத்து விரலால் தடவினார். நின்றுவிட்டார். மறுபடி தடவினார். இழுப்பறையைத் திறந்து காலிப்பரை எடுத்து ஒவ்வொரு பல்லாக அளந்தார்.

வலதும் இடதும் ஒரே அளவு. மூன்று செயின்களிலும், மயிரிழை வித்தியாசம் இல்லாமல். இதற்குமேல் ராவக்கூடாது என்று பல்லில் போட்டிருக்கும் தேய்மானக் கோடு வரை இரு வரிசையும் ஒன்றாகவே வந்து நின்றன.

இத்தனை வருஷத்தில் அவர் அப்படி ஒரு செயினைப் பார்த்ததில்லை. ஒரு கை அப்படி ராவ முடியாது. ஒரு பக்கத்தை வலக்கைக்காரர் ராவியிருக்க வேண்டும், மறுபக்கத்தை இடக்கைக்காரர். அந்தச் செயினில் இரண்டு கை இருந்தது. டாக்னி வலக்கைக்காரி. அப்படியென்றால் அந்த வீட்டில், அவள் பக்கத்தில் நின்று, இன்னொருவர் ராவுகிறார்.

"ம்" என்றார் ஹோல்கெர்.

"என்ன?"

"எல்லாம் கோடு தொட்டுருச்சு. புதுசுதான் போடணும். பழசுல ஒண்ணை வேணா வேர் வெட்ட வெச்சுக்கோங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

ஹோல்கெர் சுவருக்குத் திரும்பினார். ஆணியிலிருந்து ஒரு வாளை எடுத்தார், பெட்டியிலிருந்து மூன்று செயின்களை எடுத்தார், காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். பாடம் சொல்லவில்லை. அவள் காப்பி குடிக்கவும் உட்காரவில்லை. கதவு மணி அடித்து ஓய்ந்தது.

"வாயில என்ன, பசையா போட்டு ஒட்டியிருக்கு? ஆறு வருஷம் காத்துட்டு 'ம்'ங்கிறியே!" என்றார் ஸ்டூரே.

"அவங்க வீட்ல ஆள் இருக்கு. இடக்கைக்காரர்."

"எவன் சொன்னான்?"

"செயினு சொல்லுச்சு."

செயின் சொன்னால் அந்த ஊரில் அப்பீல் கிடையாது.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஹோல்கெர் சுவரை ஒழுங்குபடுத்தப் போனார். ஒன்றே புள்ளி மூன்று என்று எழுதிய ஆணியில் வாள் அப்படியே தொங்கியது. பக்கத்தில் ஒன்றரை என்று எழுதிய ஆணி வெறுமையாக இருந்தது. செயின்கள் ஒன்றே புள்ளி மூன்று, கொடுத்த வாளின் காடியோ ஒன்றரை. அகலக் காடியில் மெல்லிய செயின் நிற்காது. சாயும், ஆடும், வளைத்து அறுக்கும், வேகத்தில் கழன்றும் வரும். நாற்பது வருஷமாக ஊரையே வீட்டுக்குத் திருப்பி அனுப்பிய மனிதர் கொடுத்த முதல் தப்பு வாள், அவள் கையில் போயிருந்தது.

தொலைபேசியில் கூப்பிட்டார், யாரும் எடுக்கவில்லை. சரியான வாளை எடுத்துக்கொண்டு காரில் ஏறினார்.

பதினாலு கிலோமீட்டரும் இரண்டு பயம். ஒன்று, அவள் அதை மாட்டி ஓட்டியிருப்பாளோ என்பது. இன்னொன்று, கதவைத் திறக்கப்போவது யார் என்பது. இடக்கைக்காரர்களை விரல் விட்டு எண்ணினார். தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவருக்கு எண்பத்து மூன்று வயது. மாட்டு டாக்டருக்கு மனைவி இருக்கிறாள், துப்பாக்கியும் அவளிடம்தான் இருக்கிறது. மிச்சம் எல்க் மான் வேட்டைக் குழுத் தலைவர் ஈவார். அறுபத்தைந்து வயதிலும் தலை நிறைய முடி. ஹோல்கெர் தன் தொப்பியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

டாக்னியின் வீட்டு முற்றத்தில் வேறு கார் இல்லை. ரம்பச் சத்தமும் இல்லை. விறகுக் கொட்டகையின் கதவு திறந்திருந்தது. அவர் பிர்ச் மரத்தடியில் நின்றார்.

உள்ளே டாக்னி விறகு பிளக்கும் கட்டையில் அடித்த பிடிகருவியில் பழைய வாளை இறுக்கி, வேர் வெட்ட வைத்த பழைய செயினை ராவிக்கொண்டிருந்தாள். ஒரு பல் விட்டு ஒரு பல்லாக, வலக்கையால், ஒரு வரிசையை முடித்தாள். அப்புறம் கட்டையைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் வந்தாள். அரத்தை இடக்கைக்கு மாற்றினாள். அதே வேகம், அதே அழுத்தம், இரண்டே இழுப்பு. அடுத்த பல்.

ஹோல்கெரின் கையிலிருந்த வாள் மரத்தில் இடித்துச் சத்தம் கேட்டது. டாக்னி திரும்பினாள்.

"என்ன ஹோல்கெர், இந்தப் பக்கம்?"

"வாள் தப்பு. காடி அகலமானதைக் குடுத்துட்டேன். மாட்டிட்டீங்களா?"

"மாட்டுனேன். கையால இழுத்துப் பாத்தேன், செயின் குடிகாரன் மாதிரி ஆடுச்சு. கழட்டி வெச்சுட்டேன்." அரத்தை ஏப்ரனில் துடைத்தாள். "உண்மையைச் சொன்னா சந்தோஷமாத்தான் இருந்துச்சு. நாளைக்கு மறுபடி கடைக்கு வரலாமேன்னு."

ஹோல்கெர் அதைக் கேட்டாரோ இல்லையோ, அவர் கண் அவளுடைய இடக்கையிலேயே நின்றது. "இது எப்பருந்து?"

"முதல் குளிர்காலத்துலருந்து. ரெண்டு மாசம் விரலெல்லாம் காயம்."

"எதுக்கு?"

"எதுக்கா?" டாக்னிக்குக் கோபம் வந்துவிட்டது. "வெள்ளிக்கு வெள்ளி என் செயினை வாங்கி, ஒரு வார்த்தை பேசாம நெட்டைப் பக்கத்தை ராவிக் குடுப்பீங்களே, நான் பாக்கலன்னு நெனச்சீங்களா? ஊர்ல எல்லாரையும் திட்டுற மனுஷன், என்னை மட்டும் திட்டல. சரி, ஒரு நாள் ரெண்டு பக்கமும் ஒண்ணா ராவிக் கொண்டுபோய் முன்னாடி வைப்போம், அப்பவாவது ஏதாவது சொல்றாரா பாப்போம்னு இருந்தேன். தேயறதுக்கு முன்னாடி கொண்டு வந்தா நீங்களே பழுதில்லம்மான்னு திருப்பி அனுப்பிருப்பீங்க. அதனால தேயுற வரைக்கும் காத்திருந்தேன். ஆறு வருஷம், ஹோல்கெர்! காலைல கொண்டு வந்து வெச்சேன். காலிப்பர் வெச்சு அளந்தீங்க. 'ம்'னீங்க."

காற்றில் பிர்ச் இலைகள் உதிர்ந்து அவர் தொப்பிமேல் விழுந்தன. ஹோல்கெர் தொப்பியைக் கழற்றினார். வழுக்கைத் தலையோடு, காருக்குள் அத்தனை வருஷம் சொல்லிப் பார்த்த வாக்கியத்தை முதல்முறையாக வெளியில் சொன்னார்:

"டாக்னி, நான் நாப்பது வருஷமா இந்த ஜில்லாவோட கையெழுத்தை எல்லாம் படிச்சேன். உங்களோட ஒண்ணைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கணும்னு இருந்துச்சு. கோணலா இருந்தப்பவும் புடிச்சுது, நேரான பிறகும் புடிக்குது. மணி அடிக்கிறப்பெல்லாம் நீங்கதானான்னு பாத்து என் கழுத்தே சுளுக்கிப் போச்சு. இனிமே கடைக்கு வர்றதுக்கு உங்களுக்குச் செயின் மழுங்க வேண்டாம்."

இதுவரை எழுதியதை டாக்னியிடம் வாசித்துக் காட்டினேன். அவள் கம்பளிப் பின்னலை மடியில் வைத்துவிட்டுக் கடைசிப் பக்கத்தை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள்.

"அடியே, இந்தக் கடைசிப் பேச்சு முழுக்க உன் சரக்கு. அவர் தொப்பியும் கழட்டல, வாயும் தெறக்கல. புது வாளை மாட்டினார், செயினை இழுத்துப் பாத்தார், 'வாள்ல இருக்குற ஆயில் துளையை அப்பப்ப ஒரு கம்பி விட்டுக் குத்திப் பாருங்க'ன்னார். காப்பி குடுத்தேன், குடிச்சார். அடுத்த வெள்ளிக்கிழமை சவரம் பண்ணிட்டு, துளை அடைச்சிருக்கான்னு பாக்க வந்தார். இந்த நாலு வருஷமா ஒவ்வொரு வெள்ளியும் பாக்குறார், அது அடைக்கவே மாட்டேங்குது. நீ எழுதின பேச்சை நான் இன்னும் கேக்கல." மடியிலிருந்த பின்னலை மறுபடி கையில் எடுத்தாள். "ஆனா அந்தப் பேச்சை அடிச்சிடாத. அப்படியே இருக்கட்டும்."